நடுக்கட்டை

புன்னைத்துறைக் கோயில் கீபோர்டைத் தொபியாஸ் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டிக்கொடுத்த அன்று காலையில், வென்சிலாஸ் மாஸ்டர் அதன் நடுக்கட்டையை அமுக்கினார். பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, ஆனால் கடற்கரை ஏலக்கூடத்தில் சாளை மீன் விற்றுக்கொண்டிருந்த சலேத்தம்மாள், கூறு வைத்த கையோடு நிமிர்ந்து, வாயைத் திறந்து, மாஸ்டர் விரலை எடுக்கும் வரைக்கும் "ஆ" என்று சுத்தமான சுருதியில் பாடினாள்.

அந்தக் கீபோர்டு, கப்பலில் வேலைபார்த்த ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ ஜப்பானிலிருந்து கொண்டுவந்து காணிக்கையாக வைத்தது. இரும்புச் சட்டமும் மரப் பக்கங்களுமாக, இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். உப்புக்காற்று அதற்குள் புகுந்து கட்டைகளை ஒவ்வொன்றாக ஊமையாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் மாஸ்டர் வாசிக்கிற பாட்டில் எந்த இடத்தில் சத்தம் வரும், எந்த இடத்தில் வராது என்று பாடுகிறவர்களுக்கே தெரியாமல் போனபோது, திருவிழாவுக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று ஊர்க் கமிட்டித் தலைவர் மச்சாது சொன்னார். மிக்சி, டிவி, படகுகளின் ஜிபிஎஸ் எல்லாம் பழுதுபார்க்கிற தொபியாஸைக் கூப்பிட்டார்கள். அவன் மூடியைத் திறந்தான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருந்தது, குமிழின் உள்பக்கத்தில் கறுப்பாக ஒரு கரிப்பொட்டு இருந்தது. கட்டையை அமுக்கினால் அந்தப் பொட்டு கீழே போய்ப் போர்டைத் தொட வேண்டும், தொட்டால் சத்தம். பொட்டுக்கும் போர்டுக்கும் நடுவே உப்பும் தூசியும் பல வருஷத்துச் சாம்பிராணிப் புகையும் படிந்திருந்தன. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் போர்டைத் துடைத்தான். குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துத் துடைத்துக் காயவைத்தான். கரி மங்கிய இடத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டான். வேறொன்றும் செய்யவில்லை.

"என்னடே தொபியாசு, முன்னாடி பாதியாவது கேட்டுச்சு, இப்ப ஒண்ணுமே கேக்கல?" என்றார் மாஸ்டர்.

"கேக்குது மாஸ்டர்," என்றான் தொபியாஸ் வாசல்பக்கம் காதைக் கொடுத்து. "வெளிய கேக்குது."

மாஸ்டர் அடுத்த கட்டையை அமுக்கினார், முடிவெட்டிக்கொண்டிருந்த ஒருவர் பாடினார். அதற்கடுத்ததை அமுக்கினார், பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் பாடினார். கீழ்க் கோடிக் கட்டைக்குத் தலைவர் மச்சாதுவே தன் வீட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அடிவயிற்றிலிருந்து முழங்கினார். கறுப்புக் கட்டை ஒன்றைத் தொட்டபோது தொபியாஸே, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, மாஸ்டர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து பாடினான். வலிக்கவில்லை. தன் மூச்சை வேறொருவர் வாங்கிப்போய்த் திருப்பித் தந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

மேல் கோடியில் கடைசிக் கட்டையை மாஸ்டர் கடைசியாகத்தான் தொட்டார்.

தொபியாஸின் வீட்டில் அவன் மனைவி எஸ்தாக்கி, மகள் ஜெனோவாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எட்டு வயதான ஜெனோவாவுக்குக் காது கேட்கும், பேச்சு வராது. அழும்போதுகூட அவளிடமிருந்து சத்தம் வந்ததில்லை. எஸ்தாக்கியோ கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். தாலாட்டுப் பாடினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தூங்கும் என்று பெயர் வாங்கியவள். தன் பிள்ளை திருப்பிச் சொல்லாத தாலாட்டை அவள் பாடிப் பாடி ஓய்ந்து, பிறகு இருவரும் சேர்ந்து கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். விரலைக் கன்னத்தில் சுழற்றினால் பால். நெற்றியைத் தொட்டு நெஞ்சைத் தொட்டால் அப்பா. இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து ஒன்றின்மேல் ஒன்று தட்டினால், போதும் என்று அர்த்தம். சோறு போதும், குளித்தது போதும், பின்னலை இழுத்தது போதும். அந்தக் கைகளைப் பார்த்தே எஸ்தாக்கி எட்டு வருஷம் பிள்ளை வளர்த்திருந்தாள்.

அன்றைக்குப் பின்னல் பாதியில் இருந்தபோது ஜெனோவா நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். மெல்லிய கண்ணாடியை நகத்தால் சுண்டியதுபோல் ஒரு குரல் அவளுக்குள்ளிருந்து புறப்பட்டு வீட்டை நிறைத்தது. எஸ்தாக்கி சீப்பைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அவிழ்ந்த தலையோடு தெருவில் ஓடி, கோயிலுக்குள் போய் மாஸ்டரின் காலடியில் மண்டியிட்டாள்.

"இன்னொரு தடவ மாஸ்டர். ஒரே ஒரு தடவ."

மாஸ்டர் அமுக்கினார். எஸ்தாக்கி மகளின் வாயில் காதை வைத்துக் கேட்டாள். ஜெனோவா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு மாதத்துக்குள் ஊருக்கு இது பழகிப்போனது. பெட்டியிலிருந்து வந்தால் என்ன, மனுஷர் வாயிலிருந்து வந்தால் என்ன, பாட்டு கேட்டால் சரி என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கட்டை உள்ளவர்கள் பூசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண்பார்க்கப் போனவர்கள் பெண்ணுக்குக் கட்டை உண்டா, உண்டென்றால் வெள்ளையா கறுப்பா என்று விசாரித்தார்கள். கறுப்புக் கட்டைக்காரர்களைப் பூசையில் தூணுக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். கட்டையே இல்லாத குடும்பங்கள், தங்கள் வீட்டில் யாராவது பாடிவிட மாட்டார்களா என்று மாஸ்டர் கோயிலுக்குப் போகிற நேரமெல்லாம் வாயைத் திறந்தபடி வாசலில் நின்றன. மாஸ்டர் மாறிப்போனார். எஸ்தாக்கி பிள்ளையோடு வந்து நின்றால், முதலில் தன் பாட்டையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, அவள் முகம் வாடுவதைப் பார்த்த பிறகே மேல்கோடிக் கட்டையை ஒருமுறை தொட்டார். அவர் வாசிப்பில் தாளம் தப்புகிறது என்று பேசிய ரொமால்டு என்பவனின் கட்டையை, அவன் மகளுக்கு நிச்சயதாம்பூலம் மாற்றுகிற நேரம் பார்த்து அமுக்கியபடி வைத்திருந்தார். சம்பந்திகள் முன்னால் ரொமால்டு மூச்சுமுட்டி, முகம் நீலமாகி, தட்டோடு சாய்ந்தான். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. வாயை அடக்கத் தெரியாதவனுக்கு அதுதான் வேண்டும் என்று சொன்னவர்களில் அவன் தம்பியும் உண்டு.

சிரிக்க முடியாமல் இருந்தவள் சலேத்தம்மாள் மட்டும்தான். எந்தப் பாட்டானாலும் நடுக்கட்டையைத் தொடாமல் போகாது. பூசை, நவநாள், ஞானஸ்நானம், அடக்கம், பாடகர் குழுவின் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் அவள் வாய் திறந்தது. விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் பாட்டாக மாறிப்போனதால் வாங்க வந்தவர்கள் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள். வாயில் வைத்த சோறு மடியில் விழுந்தது. அவள் கமிட்டிக்குப் போய், தன்னை எடுத்துவிடும்படி கேட்டாள்.

"ஊருக்கே நடுவுல உன்ன வச்சிருக்கு," என்றார் மச்சாது. "இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? எனக்குப் பாரு, மூலையில கிடக்கேன். மாசத்துக்கு ஒரு தடவகூடத் தொட மாட்டேங்காரு."

"அப்ப நீங்க எடுத்துக்கிடுங்க," என்றாள் சலேத்தம்மாள். அதற்குமேல் சொல்ல வந்தது மாஸ்டரின் விரலுக்குப் போய்விட்டது.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் அவள் குரல் தேயத் தொடங்கியது. முதலில் கரகரத்தது, பிறகு காற்றாக வந்தது, பிறகு எச்சிலில் இரத்தம் கலந்து வந்தது. மாஸ்டர் தொபியாஸைக் கூப்பிட்டார். அவன் திறந்து பார்த்தான். நடுக்கட்டைக் குமிழின் கரிப்பொட்டு முழுசாகத் தேய்ந்து வெறும் ரப்பர் தெரிந்தது. ஸ்பிரிட் போட்டான், பென்சில் தேய்த்தான், ஒட்டவில்லை.

கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. என்ன செய்யலாம் என்று மச்சாது கேட்டார். தொபியாஸ் தொழில்காரன் பேசுகிற மாதிரியே பேசினான்.

"பழைய பெட்டி, புது ரப்பர் கிடைக்காது. சாதாரணமா ஓரத்துக் கட்டையில உள்ளத எடுத்து நடுவுல போட்டிருவோம். ஓரத்துல யாரும் வாசிக்கதில்ல, கரி அப்படியே புதுசா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. கீழ் ஓரத்துக்காரரான மச்சாது தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குச் சர்க்கரை இருப்பதையும் இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுவதையும் எடுத்துச் சொன்னார். கூட்டம் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டு, மெதுவாக, மேல் ஓரத்தின் பக்கம் திரும்பியது. யாரும் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே பெண்கள் பக்கமிருந்து எஸ்தாக்கி எழுந்து நின்றாள்.

"எம்பிள்ளையப் போடுங்க," என்றாள். அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொபியாஸ் கதவைச் சாத்தினான்.

"சலேத்த பாத்தியா நீ? அவ துப்புறதப் பாத்தியா?"

"அவளுக்கு வயசாயிட்டு. பீடி வேற குடிப்பா. நம்ம பிள்ளைக்குப் புதுத் தொண்டை."

"புதுசோ பழசோ, அதே அமுக்குதான எஸ்தாக்கி."

"ஏங்க, நீங்க என்ன கேக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கீங்களா?" அவள் கத்தவில்லை, கெஞ்சினாள். "எட்டு வருஷமா கையப் பாத்துக்கிட்டே இருக்கேன். ராத்திரி விளக்க அணைச்சா எம்பிள்ளை என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியாது. எங் காது என்ன பாவம் பண்ணிச்சு? நாளைக்கு ஒரு வார்த்த, நாளான்னைக்கு ஒரு வார்த்தன்னு பாட்டுக்குப் பாட்டு அவ குரலக் கேட்டா, ஒருநாள் தானா பேசிர மாட்டாளா?"

ஒருவேளை பேசிவிட்டால் என்ற ஆசை தொபியாஸுக்குள்ளும் கிடந்தது. ஜெனோவாவைக் கேட்டார்கள். நெஞ்சுக்குள் அது அதிர்வது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் தலையாட்டினாள்.

மறுநாள் அவன் நடுக்கட்டைக் குமிழைப் பிதுக்கி எடுத்தான். அதே நேரத்தில் ஏலக்கூடத்தில் சலேத்தம்மாளின் பேச்சு நின்றது. பாட்டு மட்டுமல்ல, பேச்சு, இருமல், அழுகை எல்லாமே நின்றன. குமிழைப் பெட்டியைவிட்டே எடுத்தால் குரல் திரும்ப வராது என்று ஊர் தெரிந்துகொண்டது, அவளுக்கு ஒரு ஜெபம் சொன்னது. தொபியாஸ் மகளின் குமிழை அந்த இடத்தில் பொருத்தினான். மாஸ்டர் ஒரு பாட்டை முழுக்க வாசித்தார். கண்ணாடிக் குரல் நடுச் சுருதிக்கு இறங்கித் தெரு முழுக்க ஒலித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எஸ்தாக்கி அழுதாள். ஊர்ப்பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள், தேன் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஜெனோவாவின் தொண்டையை ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள்.

திருவிழாப் பயிற்சி காலையும் மாலையும் நடந்தது. ஜெனோவாவுக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. சோறு புரையேறியது. தூக்கத்திலிருந்து வாயைத் திறந்தபடி எழுந்தாள். அவள் அம்மாவின் முன்னால் போய் நின்று உள்ளங்கைகளைக் கவிழ்த்துத் தட்டினாள். போதும். எஸ்தாக்கி அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனோவா அவள் முகவாயைப் பிடித்துத் தன் கைகளின் பக்கம் திருப்பினாள். எஸ்தாக்கி அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டு, மறுபடி வாயைப் பார்த்தாள்.

ஒரு பகலில் சலேத்தம்மாள் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கூடை இல்லை. எஸ்தாக்கியின் முன்னால் நின்று தன் தொண்டையைக் காட்டினாள், பிள்ளையைக் காட்டினாள், மூச்சு போவதைக் கையால் காட்டினாள், கும்பிட்டாள்.

"பொறாமையில வந்திருக்கா," என்றாள் எஸ்தாக்கி புருஷனிடம். "இவ எடத்த எம்பிள்ள எடுத்துக்கிட்டான்னு."

ஜெனோவா மட்டும் சலேத்தம்மாளின் அருகில் உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்து, தண்ணீர் என்றால் எப்படி, பசி என்றால் எப்படி, போதும் என்றால் எப்படி என்று காட்டிக்கொடுத்தாள். நடுநடுவே அவள் வாய் திறந்து பாடியது. கைகள் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தன. தொபியாஸ் அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். அன்றைக்கு அவன் கடையைத் திறக்கவில்லை.

பெரிய திருவிழா அன்று காலையில் அவன் மகளைக் குளிப்பாட்டினான். அவள் கழுத்தில் நரம்புகள் கயிறாகத் தெரிந்தன. துவட்டிய துண்டில் மூக்கிலிருந்து வந்த இரத்தம் ஒட்டியிருந்தது.

"எடுத்திரட்டா?" என்று கேட்டான். "எடுத்தா பெறகு வராது பிள்ள. அப்பாவால திரும்ப வைக்க முடியாது. அந்தச் சத்தமே வராது."

ஜெனோவா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளங்கைகளைக் கவிழ்த்துத் தட்டினாள்.

ஆடம்பரத் திருப்பலியில் கோயில் நிறைந்து வெளியிலும் ஜனம் நின்றது. ஜெனோவாவுக்குப் பீடத்தின் பக்கத்திலேயே வெல்வெட் நாற்காலி போட்டு, தலையில் பூமுடி வைத்திருந்தார்கள். வருகைப்பாட்டும் வானவர் கீதமும் முடிந்து, பிரசங்கத்துக்காக மாஸ்டர் எழுந்து போய் உட்கார்ந்தபோது, தொபியாஸ் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து கீபோர்டின் மூடியைக் கழற்றினான். பழுது பார்க்கிறான் என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். அவன் நடுக்கட்டைக் குமிழைப் பிதுக்கி எடுத்து, பிளேடால் கரிப்பொட்டின் குறுக்கே கீறித் துண்டுதுண்டாக்கி, துண்டுகளை வாயில் போட்டு விழுங்கினான். பிறகு மூடியைத் திரும்ப மாட்டினான். வெல்வெட் நாற்காலியில் ஜெனோவாவின் தோள்கள் தளர்ந்தன. அவள் நாற்காலிக் கையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் பாடத் தொடங்கியதும், வரிக்கு வரி நடுவில் ஓட்டை விழுந்தது. மாஸ்டர் கட்டையைக் குத்தினார். எஸ்தாக்கி பாட்டை நிறுத்திவிட்டு மகளின் வாயைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் அலறிய அலறலுக்குப் பிரமாணம் நின்றது.

"எம்பிள்ளையக் கொன்னுட்டான்!"

தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. மச்சாது கையைக் காட்ட, நாலு பேர் தொபியாஸைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள். ஒருவன் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான், அடித்தான். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆயர் சாயங்காலச் சப்பரத்துக்கு வருவதாக இருந்தது.

"எதுக்கு அடிக்கீங்க?" என்றார் வென்சிலாஸ் மாஸ்டர். இத்தனை நாள் தொபியாஸ் வேலைசெய்யும்போது அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்று பார்த்தவர் அவர். தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மூடியைத் திறந்து, கறுப்புக் கட்டை ஒன்றின் அடியிலிருந்த குமிழை மாறாமல் பார்த்துப் பிதுக்கி, ஊதி, ஸ்பிரிட் போட்ட பஞ்சால் துடைத்து, நடுக்கட்டையின் கீழே பொருத்தினார்.

"பிள்ளைக்கு முடியல, அதப் பாருங்க முதல்ல, அவ மூக்குல—" என்று சொல்லிக்கொண்டிருந்த தொபியாஸின் வார்த்தை பாதியில் நீண்டு, பாட்டாக மாறியது. கனத்த ஆண்குரல், நல்ல சுருதி. பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். இனிப் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் முதலிலிருந்து தொடங்கியது. கறுப்புக் கட்டைக்காரன் வெள்ளைக்கு வந்துவிட்டான், ஆண்டவர் தண்டிக்கும்போதும் ஒரு படி உயர்த்தித்தான் தண்டிக்கிறார் என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சிச் சொன்னார்.

ஜெனோவா நாற்காலியிலிருந்து இறங்கினாள். பூமுடி விழுந்தது. அவள் மாஸ்டரின் முன்னால் போய் உள்ளங்கைகளைக் கவிழ்த்துத் தட்டினாள். அவர் பாட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். மச்சாதுவின் முன்னால் போய்த் தட்டினாள். அவர் கண்களை மூடி ஜெபத்தில் இருந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பித் தட்டினாள். கடைசி வரிசையில், கதவோரம், சலேத்தம்மாள் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று அதேபோல் தன் கைகளைத் தட்டினாள். பக்கத்துப் பெண் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பிறகு ஜெனோவா சுவரோரம் சரிந்திருந்த அப்பாவிடம் போனாள். அவன் கண்கள் அவளைப் பார்த்தன. வாய் பாடிக்கொண்டிருந்தது, உதட்டோரம் அடிபட்ட இரத்தம் வழிந்தது. அவள் முட்டிபோட்டு, தன் சின்னக் கையை அவன் வாயின்மேல் வைத்து அழுத்தி மூடினாள். பாட்டு அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து, கம்மிப்போய், உடைந்து உடைந்து வந்தது. ஜனம் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தது.

எஸ்தாக்கி பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. மகளின் பக்கத்தில் குனிந்து, அந்தக் கையை அவன் வாயிலிருந்து பதமாக எடுத்தாள்.

"கைய எடுட்டி," என்றாள். "பாட்டு கெடுது."

ஜெனோவா மறு கையைத் தூக்கினாள். எஸ்தாக்கி அதையும் பிடித்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, விட்ட வரியிலிருந்து பாடத் தொடங்கினாள். பூசை முடியும் வரைக்கும் அந்தக் கைகளை அவள் விடவில்லை.